லிஃப்ட்காரர் ஏன் படியில் போகிறார்

மே 11, திங்கள்

கத்திரி வெயில். விடிவதற்குள்ளேயே புழுக்கம். மொட்டை மாடியில் இறகு ஜாக்கெட்டை உதறிக் காயப்போட்டேன். போன வருஷத்துப் பனி வாசனை இன்னும் இருக்கிறது என்றேன். அது பூஞ்சை என்கிறாள் செல்வி (மனைவி). பக்கத்து வீட்டு அம்மா வடகம் பிழிந்துகொண்டிருந்தார். "மே மாசத்துல இது யாருக்குங்க?" "எனக்குத்தாங்க." தட்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி: என் டூட்டி இடம், பெருங்களத்தூர் அப்பார்ட்மென்ட் பி பிளாக். பன்னிரண்டு மாடி, மேலும் கீழும், கால் நடுங்கும் வரை. முதுகில் பை. பைக்குள் கழற்றிப்போட்ட பிரேக் டிரம், பழைய பேரிங், தண்ணீர் கேன். காலில் பனி பூட்ஸ். வலது முட்டி சத்தம் போடுகிறது, வலி இல்லை. இடது காலில் அந்த அரை விரல் பூட்ஸில் இடிக்கிறது. பஞ்சு வாங்கணும்.

இதெல்லாம் கேசவன் சார் (இனிமேல் கே. சார், எழுதிக் கை வலிக்கிறது) எழுதச் சொன்னது. பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சிட்லபாக்கம், எங்கள் குழுத் தலைவர். "பாஸ்கர், தினமும் பயிற்சிக் குறிப்பு எழுது. ஏமாத்தாம எழுது." ஏமாற்றவில்லை சார். வடகம் உட்பட எழுதியாயிற்று.

ஜூனில் மறுபடி அதே மலை. நாலு பேர். வரைபடத்தில் பேர் கிடையாது, உயரம் மட்டும் போட்டிருக்கும். இதுவரை யாரும் ஏறியதில்லை. போன வருஷம் உச்சி கண்ணுக்கு எதிரே நின்றது. என் இடது கால் விரல் மரத்துப்போய்க் கறுத்தது. எனக்காக நாலு பேரும் திரும்பி இறங்கினோம். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டிசம்பரில் எனக்கு ஐம்பது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

லீவு கிடைத்துவிட்டது. 29 ராத்திரி ரயில்.

கேட்டில் வாட்ச்மேன் கன்னியப்பன் அண்ணா: "இன்னா பாஸ்கரு, லிஃப்ட்டு மெக்கானிக்கு நீயே நடந்துகினு கீறே?" சிரித்துக்கொண்டே போய்விட்டேன். நின்று பதில் சொல்லியிருக்கலாம். அப்போது தெரியவில்லை.

(கடைசி இரண்டு வரி பிறகு சேர்த்தது.)

மே 13, புதன்

வெயில் அதே. கரண்ட் இரண்டு தடவை போனது.

ரம்யா (மகள், காலேஜ் செகண்ட் இயர், வாய் பிஎச்.டி.) கேட்டாள்: "ஏம்ப்பா அடுத்தவங்க அப்பார்ட்மென்ட்ல போய் ஏறணும்? திருநீர்மலை பக்கத்துலதானே இருக்கு."

ஏறிப் பார்த்தாச்சு. கோயில் படி, காலணி கீழேயே விடணும். நான் ஏறுவதே பூட்ஸைக் காலுக்குப் பழக்க. வெறுங்காலோடு மூட்டை தூக்கி ஏறினால் வேண்டுதல் என்று எல்லோரும் வழி விடுகிறார்கள். ஒரு அம்மா பின்னாலேயே வந்து என் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே பிரேக் டிரம். பெருமாள் மன்னிக்கணும்.

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலமும் பார்த்தாச்சு. போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். இரும்பைப் பார்த்துவிட்டு, "எந்த ரயில்வே யார்டுல எடுத்தே?"

ஆகவே பி பிளாக். டூட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம், யாருக்கும் தொந்தரவு இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

நாலாவது மாடியில் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்: "இன்னிக்கும் நடந்துதான் போறாரு. டியூஷன் பேகை எடு, நாமளும் படியிலயே போயிடலாம்." பரவாயில்லையே, நம்மைப் பார்த்து நாலு பேர் நடக்கிறார்கள் என்று பெருமை. எட்டாவது மாடி வரை அந்தப் பெருமையிலேயே ஏறினேன்.

பஞ்சு வாங்கவில்லை.

மே 15, வெள்ளி

எழுதவே கடுப்பாக இருக்கிறது.

காலையில் லிஃப்ட் தரைத்தளத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றது. படியில் கூட்டம். ஆபீஸ் பேக், டிபன் பை, ஒரு மாமா கையில் பால் பாக்கெட்டோடு மூச்சு வாங்கி ஐந்தாவது மாடிச் சுவரில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கன்னியப்பன் அண்ணா தன் போனைக் காட்டினார். அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப். படிக்கட்டில் என் முதுகை யாரோ போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே: "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே லிஃப்ட்ல ஏற மாட்டேங்கிறார். முதுகுல டூல்ஸ் மூட்டையோட பன்னிரண்டு மாடியும் நடக்கிறார். நம்மகிட்ட எதையோ மறைக்கிறாங்க." அதற்குக் கீழே அழுகிற மூஞ்சி, கும்பிடுகிற கை, வரிசையாக.

"நான் சொன்னேன்பா, அந்தாளு மல ஏற்றவருன்னு," என்றார் க. அண்ணா. "அதுக்கு இன்னா சொல்றானுங்கோ தெரியுமா? பெருங்களத்தூர்ல எங்கய்யா மலன்றானுங்கோ. பேஜாரா பூட்சுபா."

பத்து மணிக்கு சூப்பர்வைசர் பிரகாஷ் போன். என்னைவிடச் சின்னவன், நல்ல பையன், பயந்த பையன்.

"அண்ணா, படியில போறீங்களாமே?"

"பயிற்சிப்பா. உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும்ணா. மேனேஜருக்குத் தெரியாது. நீங்க குடும்பத்தோட ஊட்டி போறீங்கன்னு சொல்லித்தானே அவர்கிட்ட உங்களுக்கு லீவு வாங்கினேன் நான்."

ஊட்டி. சரி.

மே 16, சனி

சாயங்காலம் போர்ட்டிகோவில் கூட்டம். செகரெட்டரி ரகுராமன் சார் (ரகு சார்) நாற்காலி போட்டு நடுவில். நேரில் பேசினால் புரிந்துவிடும் என்று போனேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளை வரிசைப்படுத்தினால் இது மேலே வரும்.

எல்லாம் சொன்னேன். மலை, பூட்ஸ், எடை, ஜூன். போனில் போட்டோ காட்டினேன்: பனியில் நான், கயிறு, பின்னால் அந்தச் சிகரம். ஒரு பெண் "நீங்களா இது" என்றார். தாடியில் பனி இருந்ததால் நம்பவில்லை. அத்தாட்சிக்கு செருப்பைக் கழற்றி அரை விரலைக் காட்டினேன். இரண்டு குழந்தைகள் முன்னால் வந்து உட்கார்ந்து பார்த்தன.

எல்லோரும் அசந்துபோனார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு ஐ.டி. பையன் எழுந்தான். "ஒரு டவுட் சார். உயிரைப் பத்திக் கவலையே படாத ஆளு இவரு. விரல் போயும் மறுபடி பனிமலைக்குப் போறாரு. அப்படிப்பட்ட தைரியசாலியே நம்ம லிஃப்ட்ல ஏறப் பயப்படுறாருன்னா, அந்த லிஃப்ட் எப்படி இருக்கும்?"

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ரகு சார் என்னைப் பார்த்து, "இதுக்கு என்ன பதில், பாஸ்கர்?"

செருப்பை மாட்டிக்கொண்டேன்.  நியாயமாகத்தான் கேட்டான் பாவி.

வீட்டில் ரம்யா கேட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள்.

மே 18, திங்கள்

கம்பெனி உத்தரவு: படி கூடாது. நாள் முழுக்க பி பிளாக்கில் நின்று, எல்லோரும் பார்க்க லிஃப்ட்டில் ஏறி இறங்கணும். நம்பிக்கை வரும் வரை.

ஏறினேன். இறங்கினேன். ஏறினேன்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு, நான் கூட வந்தால் வருகிறோம் என்றார்கள். மத்தியானத்துக்குள் எனக்கு ஆட்டோ டிரைவர் உத்தியோகம். "பாஸ்கர், ஆறாவது மாடி வரீங்களா?" "அண்ணா, குழந்தைக்கு டியூஷன், கொஞ்சம் கொண்டுபோய் விட்டுடுங்க." ஒரு மாமி காய்கறிப் பையைத் தந்து, "இதை மட்டும் பத்துல எறக்கிடுப்பா, நான் நடந்து வரேன்" என்றார். கத்திரிக்காய்க்கு ஆபத்து வந்தால் பரவாயில்லை போல.

மலை ஏறப் பயிற்சி எடுக்கிறவன் நாளெல்லாம் லிஃப்ட்டில் நிற்கிறேன். கால் வீங்கிவிட்டது. பயிற்சி: பூஜ்யம். கே. சார், ஏமாற்றாமல் எழுதுகிறேன்.

மாலை பிரகாஷ்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பில்டிங் அடங்குற வரைக்கும் லீவு கேன்சல். மேனேஜர் சொல்லிட்டார்."

"எப்ப அடங்கும்?"

"அதை நீங்கதான்ணா சொல்லணும்."

கே. சாருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. ஆனால் சனிக்கிழமைக்குள் உறுதி வேண்டும், இல்லாவிட்டால் வேளச்சேரிப் பையன் ஒருவனைச் சேர்க்கணும் என்றார். மூன்று பேராகப் போக முடியாது. கயிற்றுக்கு இரண்டிரண்டு பேர். அந்தப் பையன் ஜிம் வைத்திருக்கிறான். பத்து விரலும் முழுசாக இருக்கும்.

மே 20, புதன்

லேசாக மேகம். பெய்யவில்லை.

ஒன்பதாவது மாடி சரோஜா மேடம் வெள்ளிக்கிழமையிலிருந்து கீழே வரவில்லை என்றார் க. அண்ணா. எழுபது இருக்கும். தனியாக இருக்கிறார், மகன் வெளிநாடு. தினம் சாயங்காலம் கேட் பக்க பெஞ்சில் தோழிகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கு வெளியுலகம். முட்டி இரண்டும் தேய்ந்தது, அத்தனை படி இறங்க முடியாது. லிஃப்ட்டுக்குப் பயம். பாலும் மாத்திரையும் க. அண்ணாதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தோழிகள் கீழே இருந்து கை ஆட்டுகிறார்களாம், இவர் பால்கனியில் இருந்து.

 போய் பெல் அடித்தேன். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"வாங்க மேடம், நான் கூட வரேன். நாள் பூரா அதுலதான் போய்வரேன், பாருங்க."

"பார்த்தேன். நீங்க இப்ப சம்பளத்துக்கு ஏறுறீங்க, பாஸ்கர். ஏறச் சொல்லி உத்தரவு. டூட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, யாரும் சொல்லாதப்போ, படியிலதானே போனீங்க? அதுதான் நிஜம்."

"அது பயிற்சி, மேடம்."

"கேள்விப்பட்டேன். கோச்சுக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு."

கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

அவர் கோபப்படக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மே 23, சனி

லீவு கேன்சல் ஆன நாளிலிருந்து செல்வி முகத்தில் ஒரு வெளிச்சம். நேற்று கேசரி. இன்று கேட்காமலே இரண்டாவது காபி. போன வருஷம் ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் பிரிக்கும்போது என் பக்கத்தில் நின்றவள் அவள். பார்த்ததை அவள் மறக்கவில்லை. தெரியும் எனக்கு. தெரிந்தும், "கேசரி ஒண்ணும் வேணாம்" என்று தட்டைத் தள்ளினேன்.

"மலை என்ன ஓடியா போகுது?"

"நான் ஓடிடுவேன்ல. ஐம்பது ஆகுது."

"ஐம்பதுல எல்லாரும் பேத்தி பேரன்னு இருப்பாங்க. எங்க வீட்ல பனி, பூட்ஸு."

"ரம்யாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"என்னை ஏன் இழுக்குறீங்க?" என்றது உள்ளே இருந்து பிஎச்.டி.

தையல் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள் செ. அவள் கோபமாக இருந்தால் மிஷின் வேகமாக ஓடும். இன்று பிளவுஸ்கள் பறந்தன.

சாயங்காலம் சிட்லபாக்கம் போனேன். ஏரிக்கரையில் கே. சாரோடு நடந்தேன். முடியாது போலிருக்கு என்று சொல்லத்தான் போனேன். முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவரே புரிந்துகொண்டார்.

"திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பையன்கிட்ட நான் பேசல, பாஸ்கர். அதுக்கு மேல முடியாது."

"எனக்காகப் போன வருஷமே திரும்பினீங்க சார்."

"நானும்தான் களைச்சிருந்தேன். உன் விரல் நல்ல சாக்கு."

பொய். அவர் அன்று எல்லோருக்கும் முன்னால் இருந்தார்.

மே 25, திங்கள்

நேற்று அசோசியேஷன் அவசரக் கூட்டமாம். என்னைக் கூப்பிடவில்லை.

பதினொரு மணிக்கு பிரகாஷ் போன். தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, பி பிளாக்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. உங்களைப் பார்த்தாலே எல்லாருக்கும் லிஃப்ட் பயம் ஞாபகம் வருதாம். உங்களைக் கண்ணுலயே காட்டக் கூடாதாம், ஒரு மாசத்துக்கு. வேற ஆளை அனுப்பச் சொல்றாங்க."

"சரி."

"வேற பில்டிங்ல போடலாம்னு கேட்டேன். மேனேஜர் ஒத்துக்கல. ஊட்டி விஷயமும் தெரிஞ்சுபோச்சு. ஒரு மாசம் வீட்லயே இருக்கச் சொல்லிட்டார். சம்பளம் கிடையாது."

"எப்பயிலிருந்து?"

"நாளையிலிருந்து."

நாளையிலிருந்து ஒரு மாசம். ரயில் 29.  சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

"அண்ணா," என்றான் பிரகாஷ், குரலைத் தாழ்த்தி, "மேனேஜர் பக்கத்துலதான் இருக்கார். கொஞ்சம் வருத்தமா பேசுங்க."

"என்னப்பா இது அநியாயம்," என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"இன்னொண்ணு. ரகு சார் மனசு மாறி, பிரச்சனை தீர்ந்துச்சுன்னு ஒரு போன் போட்டா போதும், உடனே உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்குறேன். தைரியமா இருங்க."

அதுதான் இப்போது பயம்.

கே. சாரிடம் சொன்னேன். "வா" என்றார். ஒரே வார்த்தை.

செல்வியிடம் சொல்ல ராத்திரி சாப்பாடு வரை காத்திருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாடிப்படி ஏறினதுக்கே ஒரு மாசச் சம்பளம் போச்சு. இன்னும் மலை ஏறினா என்னென்ன போகுமோ."

தட்டை நானே கழுவி வைத்தேன்.

மே 26, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. ரம்யா தூது. "அம்மா கேக்குறாங்க, எத்தனை நாள்னு." "சொல்லு, ஒரு மாசம்னு." "அம்மா சொல்றாங்க, சரியாம்." சரியாம் என்றால் சரியில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

சாமான் கட்டினேன். இடது பூட்ஸில் கை விட்டால் மெத்தென்று என்னவோ. பஞ்சு வைத்துத் தைத்த சின்ன உறை, அரை விரல் அளவுக்கு. பிளவுஸ் லைனிங் துணி. பச்சை.

மிஷின் பக்கம் பார்த்தேன். திரும்பவே இல்லை அவள். போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதையும் சொல்ல முடியவில்லை, தூதர் காலேஜ் பரீட்சைக்குப் போயிருந்தார்.

மே 27, புதன்

வெயில். பி பிளாக் மெஷின் ரூம் சாவியைப் புது மெக்கானிக்கிடம் கொடுக்கப் போனேன். சின்னப் பையன். விசில் அடித்துக்கொண்டே லிஃப்ட்டில் ஏறிப் போனான். அவனைப் பார்த்து மூன்று பேர் பின்னாலேயே ஏறினார்கள். எனக்கு இது தோன்றவே இல்லையே, விசில்.

"ஒம்போதாவது மாடி அம்மா?" என்று கேட்டேன்.

"வர்ல," என்றார் க. அண்ணா. "அந்தப் புள்ளையும் கூப்டு பாத்துட்சு. மாட்டேன்ட்டாங்கோ."

வேலை முடிந்தது. நேராக பஸ் ஸ்டாப் போயிருக்கலாம். அந்த அம்மா லிஃப்ட்டில் கீழே வந்துவிட்டால் ரகு சாருக்குக் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உடனே பிரகாஷுக்குப் போன். உடனே எனக்கு டூட்டி. கேட் வரை போய்விட்டேன். ஒரு மாசம் அந்த அம்மா பால்கனியில் நின்று கை ஆட்டுவதை நினைத்தேன். மேலே பனியில் படுத்திருக்கும்போது இது வரும். எனக்குத் தெரியும், அங்கே இந்த மாதிரி விஷயம்தான் வரும்.

லிஃப்ட்டில் ஏறி ஒன்பது அழுத்தினேன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் சரோஜா மேடம். "இன்னிக்கு டூட்டியா?"

"இல்ல மேடம். ஒரு மாசம் வரக் கூடாதுன்னுட்டாங்க."

"சம்பளம்?"

"அதுவும் இல்ல."

"எதுல வந்தீங்க இப்போ?"

"லிஃப்ட்ல."

என் முகத்தையும் சட்டையையும் உற்றுப் பார்த்தார். "ஆமா. மூச்சு வாங்கல." கொஞ்சம் யோசித்தார். "யாரும் சொல்லி வரலையே?"

"யாராவது பார்த்தாதான் வம்பு." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயில். கீழே ரகு சார். அவர் போன் போட்டால் என்ன ஆகும் என்பது வரைக்கும். மறைத்துக் கூட்டிப்போக மனசு வரவில்லை.

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"நீங்க கீழ போகணும்ல."

உள்ளே போனார். செருப்பு மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். லிஃப்ட்டுக்குள் என் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து வந்ததும் ஒரு கண் திறந்தது. "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் மேடம்." இரண்டு வருவதற்குள் கையை நீட்டி ஒன்றாவது மாடிப் பொத்தானை அழுத்தினார்.

"தரைத்தளம் இன்னும் வரல மேடம்."

"தெரியும். இங்கயே இறங்கிக்கலாம். கடைசி ஒரு மாடி நடப்போம்."

"உங்க முட்டி?"

"ரகு கண்ணுல நான் லிஃப்ட்ல இருந்து வரக் கூடாது. உங்க ரயில் போகட்டும். சனிக்கிழமை நானே ஜம்முனு லிஃப்ட்ல வந்து இறங்குறேன்."

ஒரு மாடிதான். என் தோளில் ஒரு கை, கைப்பிடியில் ஒரு கை. ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தார். திருப்பத்தில் நின்று இளைப்பாறினோம். போன வருஷம் என்னைக் கே. சார் இப்படித்தான் இறக்கினார்.

போர்ட்டிகோவில் ரகு சார் ஓடி வந்தார். "ஐயோ மேடம், படியிலயா? பாஸ்கர், உங்களாலதான் இவ்வளவும். பாருங்க, எவ்வளவு கஷ்டப்படுறாங்க."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"லிஃப்டா? நான் ஏற மாட்டேன் ரகு," என்றார் மேடம், எல்லோருக்கும் கேட்க. "இந்த ஆளை ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கமே விடாதீங்க."

கேட் பக்க பெஞ்சில் தோழிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தேன். முட்டியைத் தடவிக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மிச்சம் இருக்கிற விரலையாவது ஒழுங்கா கொண்டு வாங்க."